உனக்கென்று ஒரு தனித் தட்டு

குலசேகரம்
12.6.2011

கர்த்தருக்குள் பிரியமான ஜினிக்கு,

மைனி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொன்னால் நீ "செரி மைனி, செரி மைனி" என்று வைத்துவிடுகிறாய். லேபில் இருக்கும்போது உனக்குக் காது பாதிதான் கேட்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு எட்சன் நேந்திரங்குலை லோடோடு கோயம்புத்தூருக்கு வருகிறான். அவன் கையில் ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது நம்முடைய சீலோவாம் தேன் பார்.

நம் சபையின் சீலோவாம் சங்கத்துப் பெண்கள் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டில் இதைப் போடுகிறோம் என்று உனக்குத் தெரியும். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய கடைக்காரர் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். ஆனால் உறையின் பின்னால் சத்துக் கணக்கு அச்சடித்திருக்க வேண்டுமாம். சர்க்கரை எவ்வளவு, புரதம் எவ்வளவு என்றெல்லாம். "அது இல்லாம சாதனம் எடுக்க ஒக்காதும்மா" என்று ஒரே பிடியாக நின்றார். நானும் விடவில்லை. "எனக்க நாத்தனாருக்கு அதுதான் வேலை, வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கா" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் போயிற்று.

பெட்டியில் இருப்பதில் கடலை, எள்ளு, அண்டிப்பருப்பு (உங்கள் லேபில் முந்திரி என்பீர்கள்), தேன், கொஞ்சம் கருப்பட்டிப் பாகு. உனக்குத் தித்திப்பு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? உனக்கென்று தனியாக ஒரு தட்டு கிண்டினேன். பாகைக் குறைத்து, அண்டிப்பருப்பை அள்ளிப் போட்டேன். சொர்ணம்மாள் பக்கத்தில் நின்று, "ராஜபாயக்கா, கடைக்கும் இதுபோல போட்டா நாம வெளங்கினாப்பிலதான்" என்று சிரித்தாள். அவள் கிடக்கிறாள்.

லேபுக்கு எடுத்தது போக மீதியை நீ தின்ன வேண்டும். தின்றுவிட்டு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. கணக்கு பிறகு வரட்டும்.

அன்புள்ள மைனி,
ராஜபாய்


கோயம்புத்தூர்
4.7.2011

அன்புள்ள மைனிக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. எட்சன் கூடவே ஒரு குலை மட்டிப் பழமும் கொடுத்தான்.

ரிசல்ட்டை இணைத்திருக்கிறேன். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், முப்பது கிராம் பார் ஒன்றில் சர்க்கரை ஏழு கிராம்தான். புரதம் ஐந்து கிராம். எங்கள் மேலாளர் நாராயணபெருமாள் சார் இரண்டு தடவை பார்த்தார். நாங்கள் தினமும் பார்க்கிற பார்கள் எப்படி இருக்கும் தெரியுமா? முன்பக்கம் ஓடுகிற ஆளின் படம், கோதுமைக் கதிர், தேன் சொட்டு. பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் பாதிக்குப் பாதி சர்க்கரை. அரிசிப் பொரியைப் பாகில் ஒட்டவைத்து 'எனர்ஜி' என்று பெயர் போட்டுவிடுவார்கள். "இது யாரு வீட்டுத் தயாரிப்பும்மா?" என்று சார் கேட்டார். எங்கள் மைனி என்றேன்.

வெளி ஆட்கள் வந்தால் ஆயிரம் கேள்வி கேட்போம். வேறு வேறு நாளில் செய்த பாக்கெட்டுகளைக் கடையிலிருந்தே எடுத்து வரச் சொல்வோம். நம் வீட்டுப் பண்டத்துக்கு அதெல்லாம் எதற்கு என்று நானே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன். உறையில் அச்சடிக்க வேண்டியதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அப்படியே அச்சகத்தில் கொடுங்கள்.

அண்ணனுக்கும் தினம் ஒன்று கொடுக்கலாம். நாலு மணிக்கு ஜங்ஷனில் போய்ப் பழம்பொரி தின்பதற்கு இது எவ்வளவோ மேல். சர்க்கரை நோய்க்காரர் எதையாவது தின்றுதான் ஆவேன் என்றால் இதைத் தின்னட்டும்.

சோதனைக்கு எல்லாவற்றையும் அரைத்துப் பொடிக்க வேண்டியிருந்தது. அதனால் பெட்டியை அப்படியே ஒப்படைத்துவிட்டேன். நேரமில்லை, இத்துடன் முடிக்கிறேன்.

அன்புடன்,
ஜினி


குலசேகரம்
20.11.2011

பிரியமான ஜினிக்கு,

உறை அச்சாகி வந்துவிட்டது. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பச்சை நிறம் உன் அண்ணன் சொன்னது. நான் மஞ்சள் கேட்டேன், யார் கேட்டார்கள்?

மார்த்தாண்டம், தக்கலை, பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் இருக்கிற கடைகள் என்று எல்லா இடத்திலும் ஓடுகிறது. அரண்மனை பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் பை பையாக வாங்குகிறார்களாம். சொர்ணம்மாள் மகளுக்குக் கம்மல் எடுத்திருக்கிறாள். ஷெட்டில் இப்போது பாட்டும் கூத்துமாகத்தான் வேலை நடக்கிறது.

உன் அண்ணனைப் பற்றிச் சொல்லாவிட்டால் தீராது. சவூதி தம்மாமில் இருந்து வந்த நாள்முதல் எதிலும் ஒட்டாமல் கிடந்த மனுஷன், இப்போது வருகிறவன் போகிறவன் எல்லாரையும் பிடித்து நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையின் பின்பக்கத்தை வாசித்துக் காட்டுகிறார். "எனக்க தங்கச்சி கணக்கு போட்ட சாதனம் இது. பயப்படாம தின்னும் ஓய்!" நாலு மணிக்கு ஒன்று, குடும்ப ஜெபம் முடிந்து ஒன்று. கடைக்குக் கட்டி வைத்திருக்கிற பெட்டியில் கை விட்டு எடுத்துக்கொள்கிறார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று எனக்குச் சந்தேகம். கேட்டால், "அவ எழுதித் தந்திருக்கா, பின்ன டாக்டர் எதுக்கு?" என்கிறார். நீ ஒரு வார்த்தை போனில் சொல்லு. என் பேச்சு அவருக்குக் காற்று.

அது கிடக்கட்டும். உன் கடிதத்தில் ஏழு கிராம், ஐந்து கிராம் எல்லாம் இருந்தது. எப்படி இருந்தது என்று மட்டும் நீ எழுதவில்லை. தின்றாயா?

அன்புள்ள மைனி


கோயம்புத்தூர்
27.3.2012

ராஜபாய் மைனிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் நான் சீலோவாம் பார் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. அண்ணனின் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டு, அந்த டாக்டர் என்னிடம், "இவ்வளவு சுகரை வச்சுக்கிட்டு என்னத்தத் தின்னாரு?" என்று கேட்டது காதில் கிடந்தது. பக்கத்தில் அண்ணன், "வேற ஒண்ணும் தின்னல்ல, இவளுக்க பார்தான்" என்று சிரித்தார். சிரித்தார், மைனி.

பஸ்ஸில் உறையைப் பிரித்தேன். அதில் முந்திரி ஒரு துண்டுகூட இல்லை. எள்ளு இல்லை. பொரியும் பாகும் நாலைந்து கடலையும்தான். லேபில் கொடுத்துப் பார்த்தேன். சர்க்கரை பதினைந்து கிராம். புரதம் இரண்டு. உறையில் என் கணக்கு ஏழு, ஐந்து என்று நிற்கிறது.

உங்களுக்கு வேண்டியிருந்தது என் கையெழுத்து. அதற்காக ஒரு நல்ல தட்டைச் செய்து அனுப்பினீர்கள். இதை நான் புதிதாகப் பார்க்கவில்லை. சோதனைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று செய்கிற வியாபாரிகள் வாரத்துக்கு ஒருவர் எங்களிடம் வருகிறார்கள். ஆனால் அவர்கள் தங்கள் வீட்டு ஆளுக்கு அதை எடுத்துக் கொடுத்துத் தின்னவைப்பதில்லை.

நாராயணபெருமாள் சாரிடம் சொல்லி அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அவர் இப்போது என் அறிக்கைகளை இன்னொருவர் பார்த்த பிறகே வெளியே அனுப்புகிறார். சங்கச் செயலாளர் ஞானத்துக்கும் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். அந்த உறையில் இனி ஒரு பார்கூட வெளியே போகக்கூடாது.

போன் செய்ய வேண்டாம். நான் எடுக்க மாட்டேன்.

ஜினி


குலசேகரம்
22.4.2012

ஜினிக்கு,

நீ எழுதியதை ஞானம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வாசித்தாள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும். எல்லாரும் முழங்காலில் நின்று என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். "எங்கள் சகோதரி ராஜபாய்க்கு மனந்திரும்புதலைத் தாரும் ஆண்டவரே" என்று. நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். எல்லாரும் சொல்லும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் அதுவும் ஒரு பேச்சாகும். சொர்ணம்மாளுக்கு எல்லாம் தெரியும். அவள் வாய் திறக்கவில்லை. சரி, அவளுக்கும் பயம் இருக்கும்.

கடைக்குப் போடுவது பொரியும் குளுக்கோஸ் பாகும் கொஞ்சம் கடலையும்தான். முதலிலிருந்தே அப்படித்தான். நம் ஊர் மழைக்கு, தேன் அதிகம் ஊற்றினால் பார் இளகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். தேன் பார் என்று பெயர் வைத்துவிட்டுக் கரண்டியால் தொட்டுக்கொண்டது என் தப்பு. அதை எங்கே வேண்டுமானாலும் எழும்பி நின்று சொல்வேன்.

ஆனால் உன்னை நான் ஏமாற்றவில்லை மக்கா. உனக்குப் போகிற பெட்டியில் கடைச் சாதனத்தை எப்படி எடுத்து வைப்பேன்? எனக்குக் கை வருமா? உனக்கென்று தனியாகக் கிண்டினேன் என்று அன்றைக்கே எழுதினேனே. மறைக்க நினைத்தவள் எழுதுவாளா?

நீ கேட்பாய், அப்படியானால் அந்தக் கணக்கைக் கடை உறையில் ஏன் அச்சடித்தீர்கள் என்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு மார்க் போடுவார்களே, அதுபோல நம் பாருக்கு நீ மார்க் போட்டிருக்கிறாய் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டியும் அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அச்சகக்காரனுக்கும் தோன்றவில்லை. உன் அண்ணனுக்கும் தோன்றவில்லை.

என்னைத் தின்கிற விஷயம் வேறே. ஊர் தாண்டி இருக்கிற உனக்குத் தனியாக ஒரு தட்டு கிண்டத் தோன்றியது. என் கண்முன்னால் உட்கார்ந்து தின்ற மனுஷனுக்குத் தோன்றவில்லையே. வீட்டில்தானே இருக்கிறார், கிடக்கிறதைத் தின்னட்டும் என்றுதானே விட்டேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தேன். நீ கேன்டீனுக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தாய். அப்போது உனக்கு இந்தப் பார் விஷயம் தெரியாது, ஆனாலும் என்னமோ உன் மனதில் விழுந்துவிட்டது. எனக்கும் அப்போதே பட்டது.

உறைகளை எரித்துவிட்டோம். ஷெட்டைப் பூட்டிவிட்டேன். நீ பதில் எழுத வேண்டாம். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெட்டியில் நீ ஒன்றாவது தின்றாயா?

ராஜபாய்


குலசேகரம்
19.12.2012

ஜினிக்கு,

இது உன் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுவது. அவருக்குக் கை நடுங்குகிறது. என் சொந்தப் பேச்சு ஒன்றும் இதில் இல்லை.

அவருக்கு விசேஷமாகச் செருப்பு தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கோயில்வரைக்கும் நடக்கிறார். சுகர் இப்போது கைக்குள் இருக்கிறது. மாத்திரையை நான் எண்ணித்தான் கொடுக்கிறேன். ஷெட்டில் பழையபடி ரப்பர் ஷீட் காய்கிறது. சொர்ணம்மாள் அண்டி ஆபீசுக்குப் போய்க் கொட்டை உடைக்கிறாள். கையெல்லாம் கறை என்று அழுகிறாள். இதை அவர் சொல்லவில்லை, நான்தான் எழுதிவிட்டேன். அடித்துவிட்டால் அசிங்கமாக இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன்.

அவர் சொல்வது இதுதான்: "ஒனக்கு வர மனசில்லைன்னா வரண்டாம். கிறிஸ்மஸ் பண்டத்தையாவது தின்னு. அண்ணன் குடுத்துவிட்டதுன்னு நினைச்சுத் தின்னு." எட்சன் கையில் முந்திரிக்கொத்து ஒரு டப்பா வருகிறது.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

ஜான்ரோஸ் அண்ணனுக்காக,
ராஜபாய்


கோயம்புத்தூர்
13.1.2013

அன்புள்ள மைனிக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

எட்சன் டப்பாவைக் கொண்டுவந்த அன்று வீட்டில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். அவன் லாரியில் அவனுக்கென்று நீங்கள் கொடுத்த முந்திரிக்கொத்து இருந்தது. எங்கள் டப்பாவை அவன் முன்னால் பிரிக்க எனக்கு மனமில்லை. அதனால் அவனுடையதில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். வாயெல்லாம் கருப்பட்டி. அவ்வளவு தித்திப்பு. என்னால் பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை. "மைனி கைப்பக்குவம் மாறிப்போச்சா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "எக்கா, ஒங்க டப்பா வேற, எங்க டப்பா வேற. என்னைக்கும் அப்பிடித்தானே. ஒங்களுக்குள்ளது அவிய தனியா உருட்டுவாவ. சின்னப்பிள்ளையிலேயே நாங்க எடுக்கப் போனா கையில அடிப்பாவல்லா" என்றான்.

பிறகு என் டப்பாவைப் பிரித்துத் தின்றேன். தித்திப்பு தெரிந்தும் தெரியாமலும், சிறுபயறு மணத்தோடு, நான் பத்து வயதிலிருந்து தின்கிற அதே முந்திரிக்கொத்து. முந்திரிக்கொத்து என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன் மைனி. அம்மா போய் நீங்கள் அடுக்களையை ஏற்ற பிறகு அந்த வீட்டில் எனக்கென்று ஒன்று தனியாக வெந்துகொண்டே இருந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. நான் என் டப்பாவைத் தவிர வேறு எதிலும் கை வைத்ததில்லை.

தனியாக ஒரு தட்டு கிண்டினேன் என்று நீங்கள் எழுதியதை நான் அப்போதே வாசித்தேன். அதைப் பாசம் என்று வாசித்தேன், தகவல் என்று வாசிக்கவில்லை. பிறகு கோபத்தில் அதைத் தந்திரம் என்று வாசித்தேன். வெளி ஆட்களிடம் கேட்கிற ஒரு கேள்வியை உங்களிடம் கேட்டிருந்தால் போதும். "கடையிலும் இதுதானா மைனி?" இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருப்பீர்கள். உங்களை வெளி ஆளாக நினைக்காததால் கேட்கவில்லை. பிறகு வெளி ஆளைப்போலத்தான் நடத்தினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படித்தவள் என்ற முறையில் எனக்கு இது தெரியும். இரண்டு பாரில் கூடுதலாகப் போன சர்க்கரை மட்டும் ஒருவர் விரலை எடுத்துவிடாது. அண்ணன் மாத்திரையைக் குறைத்ததற்கு என் கையெழுத்தும் காரணம். தினம் ஒன்று கொடுக்கலாம் என்று எழுதியவள் நான். மாத்திரை பற்றி ஒரு வார்த்தை சொல் என்று நீங்கள் கேட்டபோது, சொல்ல மறந்தவளும் நான். எனக்குப் பழியை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

நீங்கள் மூன்று தடவை கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இல்லை மைனி. ஒன்றுகூட நான் தின்னவில்லை. பிரித்துப் பார்க்காமல்கூட லேபில் கொடுத்துவிட்டேன். எனக்காகக் கிண்டியது முழுவதும் இயந்திரத்தில் அரைபட்டுப் போயிற்று.

ஞானத்துக்கு எழுதிவிட்டேன். இதையும் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மறுபடியும் ஷெட்டைத் திறக்க வேண்டும். கடையில் போடுகிற பாரையே அனுப்புங்கள், உள்ளது உள்ளபடி சரியான கணக்கு எழுதித் தருகிறேன். பதினைந்து கிராம் என்றால் பதினைந்து கிராம் என்றே போடுவோம்.

அதோடு, கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். எனக்குள்ள தட்டு ஒன்றும் கிண்டி அனுப்புவீர்களா? இந்தத் தடவை நான் தின்கிறேன்.

உங்கள்,
ஜினி


குலசேகரம்
10.3.2013

ஜினிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அழுதார். பிறகு உடனே உனக்குப் போன் போடச் சொன்னார். எழுதுகிறேன் என்று நான்தான் சொன்னேன்.

ஞானம் உன் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தாள். எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். உடனே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் பண்ணினார்கள். சகோதரி ராஜபாய்க்கு மனந்திரும்புதலைத் தந்ததற்காக. போன வருஷத்து ஜெபம் கேட்கப்பட்டதாம். நானும் ஆமென் சொன்னேன். சிரிப்புத்தான் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை நீ நம்பலாம். ஒரு நாள், இரண்டு நாள் இருந்தது என்று சொல்ல மாட்டேன், ரொம்ப நாள் இருந்தது. பிறகு ஒருநாள் ஷீட் உலர்த்திக்கொண்டிருக்கும்போது தேடிப் பார்த்தேன், காணவில்லை.

ஷெட்டைத் திறந்துவிட்டோம். சொர்ணம்மாள் திரும்பி வந்துவிட்டாள். தராசு ஒன்று வாங்கியிருக்கிறோம். கடலை, பொரி, பாகு எல்லாம் நிறுத்துத்தான் போடுகிறோம், தட்டுக்குத் தட்டு மாறாது. தேன் பார் என்ற பெயரையும் எடுத்துவிட்டோம். பொரி பார் என்றே போடுகிறோம்.

நீ கேட்ட தட்டைக் கிண்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாகைக் குறைத்து ஊற்றிவிட்டு, அண்டிப்பருப்பை அள்ளினேன். அள்ளின கை அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு போட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ஜினி. முன்பெல்லாம் அது கைக்கே தெரியும். தராசில் வைத்துப் பார்த்தேன். அதற்கும் தெரியவில்லை. கடைசியில் பருப்பை டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு, அந்தப் பாகைக் கடைத் தட்டில் சேர்த்துவிட்டேன். கிறிஸ்மஸுக்குள் கை பழையபடி வருமோ என்னவோ. வராவிட்டால் நீ வருத்தப்படக் கூடாது. உன் அண்ணனுக்கு மட்டும் பாகில்லாமல் கொஞ்சம் கடலை வறுத்துக் கொடுக்கிறேன், அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்கிறார்.

எட்சன் கையில் பெட்டி வருகிறது. கட்டி வைத்திருந்த அடுக்கிலிருந்து அவனையே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நான் கை வைக்கவில்லை. கடைக்குப் போகிற அதே சாதனம். இதில் உனக்கென்று நான் ஒன்றும் போடவில்லை. கணக்கு சரியாக வரும்.

ராஜபாய்